ஊசி காட்டாத இரைச்சல்

கல்யாணமாகி ஆத்தூரிலிருந்து தூத்துக்குடிக்கு வந்த பிறகு எனக்கு 'மைக்செட்காரர் வீட்டம்மா' என்று பெயராயிற்று. முன்னறை கடை, பின்னறை வீடு, நடுவில் ஒரு துணித் திரை. முன்னால் ஆம்ப்ளிஃபயர்களும் ஹாரன் என்கிற குழாய் ஒலிபெருக்கிகளும் ஒயர்ச் சுருள்களும் கிடக்கும். கடையில் யார் என்ன பேசினாலும் அடுப்படியில் கேட்கும். அடுப்படியில் பேசுவது கடைக்குக் கேட்காது என்று நான் கொஞ்ச காலம் நினைத்திருந்தேன். கேட்காதது என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் என்பது பிறகு தெரிந்தது.

அவருடைய அண்ணன்மார் பலசரக்குக் கடை நடத்தினார்கள். இவர் மட்டும் அந்தக் கல்லாவில் உட்கார மாட்டேன் என்று மீசை முளைக்கும் முன்பே ஒரு மைக்செட்காரரோடு போய்விட்டவர். கோயில் கொடை, கல்யாணம், மாதா கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று ஊர் ஊராக ஹாரன் கட்டியவர். ஹாரனைக் கம்பத்தில் ஏற்றுவதற்கு முன் தரையில் வைத்து, அதன் வாய்க்கு நேராக நின்றுகொண்டு பாட்டுப் போட்டுச் சரிபார்ப்பார். அவர் தொழில் கற்ற இடத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்களாம்.

எழுபதுகளின் நடுவில் அவருக்கு ரிக்கார்டிங் ஆசை வந்தது. புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்துபோய்க்கொண்டிருந்த காலம். கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். அவர் ஒரு பயணத்தில் கொண்டுவந்த கேசட் டேப் ரிக்கார்டரை இவர் வாங்கினார். தோளில் மாட்டிக்கொண்டு போகலாம், பேட்டரியில் ஓடும். முகப்பில் சின்னக் கண்ணாடி, அதற்குள் ஒரு ஊசி. சத்தத்துக்குத் தக்கபடி ஊசி ஆடும். சிவப்புக் கோட்டைத் தொடாமல், அதற்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்று ஆடினால் பதிவு சரி.

அந்த டேப்பில் மைக்கை நேராகச் செருகினால் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அதனால் இவரே ஒரு அலுமினியப் பெட்டிக்குள் டிரான்சிஸ்டர்களை வைத்துப் பற்றவைத்து ஒரு ப்ரீஆம்ப் செய்தார். மைக் பெட்டிக்குள் போகும். பெட்டி அந்தச் சன்னமான சத்தத்தைப் பெரிதாக்கி டேப்புக்கு அனுப்பும். பெட்டியில் ஒரு குமிழ். டேப்பில் ஒரு குமிழ். எதைத் திருகினாலும் சத்தம் கூடும், எதைத் திருகினாலும் குறையும். ஊசி ஒன்றுதான்.

சோதனைக்குக் குரல் கொடுப்பது என் வேலை.

"ஏளா, ஏதாவது பேசு."

"என்னத்தப் பேச?"

"எதையாவது பேசேன்."

நான் ஆத்தூரிலிருந்து தூத்துக்குடி வரும் பஸ் நிற்கும் இடங்களை வரிசையாகச் சொல்லுவேன். அவர் ஊசியைப் பார்த்துக்கொண்டே இரண்டு குமிழ்களையும் மாறி மாறித் திருகுவார். ஒருநாள் பெட்டியின் குமிழை நன்றாகக் கூட்டிவிட்டு நாகஸ்வர ரிக்கார்டு ஒன்றைப் பதிந்தார். போட்டுக் கேட்டபோது, உச்சத்துக்குப் போன இடங்களில் எல்லாம் கிழிந்த தகரம் போலக் கரகரத்தது. ஊசி என்னவோ ஒழுங்காகத்தான் நின்றிருந்தது. கரகரப்பு அவருக்கும் கேட்டது. பெட்டிக்குள்ளேயே சத்தம் உடைந்துபோகிறது, அதற்குப் பிறகு டேப்பில் குறைத்து என்ன பயன் என்று சரியாகவே கண்டுபிடித்தார். அன்றிலிருந்து பெட்டியின் குமிழை அடியோடு குறைத்து வைத்துக்கொண்டு, வேண்டியதை எல்லாம் டேப்பின் குமிழில் கூட்டிக்கொள்வது என்று வழக்கமாக்கிக்கொண்டார். ஊசி அதே இடத்துக்கு வந்துவிடும். அவருக்குத் திருப்தி.

முதலில் வந்த வேலைகளில் ஒரு குறையும் வரவில்லை. கல்யாணத்து நாகஸ்வரமும் வாழ்த்துரைகளும் தாமே சத்தமானவை. வேம்பார் வேலைதான் வேறு மாதிரி.

வேம்பாரில் மாதா கோயில் பாடகர் குழுவை நடத்தியவர் அங்கே பள்ளிக்கூட டீச்சர். மெலிந்த உருவம், வேகமான பேச்சு. மாதா கோயில்களுக்கு இடையே ஒரு பாட்டுப் போட்டி; பாட்டைக் கேசட்டில் பதிந்து அனுப்ப வேண்டும். அவர்கள் பாடவிருந்த பாட்டு ஒரு பெண்ணின் தனிக் குரலில், கிட்டத்தட்ட மூச்சு விடும் அளவுக்கு மெதுவாகத் தொடங்கும். பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டு கோயில் அதிரும்படி பாடுவார்கள். இவர் கடற்கரைச் சாலை பஸ்ஸில் டேப்பும் பெட்டியுமாகப் போய்ப் பதிந்துகொண்டு வந்தார். கேசட்டைக் கொடுத்தாயிற்று.

அடுத்த வாரம் டீச்சரே கடைக்கு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. பாட்டுக்குப் பின்னால மழ பெய்யுத மாதிரி இருக்கு."

"மழயா? அன்னைக்கு நல்லா வெயிலு அடிச்சுதே டீச்சர்."

"நெசமான மழ இல்ல. ஸ்ஸுன்னு ஒரே இரைச்சல். பிள்ள பாடுதது அதுல முங்கிப்போச்சு."

அவர் கேசட்டை வாங்கிப் போட்டார். நான் திரைக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டீச்சர் சொன்னது சரி. அந்தப் பெண் வாயைத் திறப்பதற்கு முன்பே இரைச்சல் தொடங்கிவிட்டது. அவள் குரல் அதற்குள்ளிருந்துதான் வந்தது. எல்லோரும் சேர்ந்து பாடும்போது அது தெரியவில்லை. அவர்கள் நிறுத்தியதும் மறுபடியும் ஸ்ஸ்.

"ஒண்ணும் இல்லியே டீச்சர்," என்றார் இவர். பொய் சொல்லும் குரல் இல்லை. "ஊசியப் பாருங்க, எவ்வளவு சுத்தமா ஆடுதுன்னு. உங்க வீட்டுப் பிளேயர்ல ஹெட்ட நல்லாத் தொடைக்கச் சொல்லுங்க."

டீச்சர் திரையை விலக்கி என்னைப் பார்த்தார்.

"அக்கா, உங்களுக்குக் கேக்குதா?"

"பால அடுப்புல வச்சிருக்கேன்," என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் இருந்தது உண்மைதான்; அடுப்பைத்தான் இன்னும் பற்றவைக்கவில்லை.

டீச்சர், அனுப்புவதற்கு இன்னும் நாள் இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்று கேசட்டை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனார். அவர் போனதும் இவர், "காதுல கோளாறு இருக்கும் அந்த அம்மாவுக்கு," என்றார்.

அதற்குமுன் நான் கவனிக்காமல் விட்ட சில விஷயங்கள் இருந்தன. ஊரில் எவனும் வாயைத் திறந்து பேசுவதில்லை, எல்லோரும் வார்த்தையை மெல்லுகிறார்கள் என்று அடிக்கடி அலுத்துக்கொள்வார். விளக்குத் திரி போடப் பஞ்சு வாங்கிவரச் சொன்னேன்; பந்து வாங்கிக்கொண்டு வந்தார். அப்போது எங்களுக்குக் குழந்தை இல்லை. யாருக்குப் பந்து என்று அவரும் கேட்கவில்லை, ஏதோ காரணம் இருக்கும் என்று வாங்கியிருக்கிறார். நான் அன்று சிரித்தேன். கேசட்டைக் கேட்ட பிறகு அது சிரிக்கும் விஷயமாகத் தோன்றவில்லை.

எங்கள் ஊரில் மத்தியானம் கடையடைத்துச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுத்தான் மறுபடியும் திறப்பார்கள். அவர் தூங்கும் நேரத்தில் நான் டேப்பை எடுத்தேன். அதைத் தொடாதே என்று அவர் என்னிடம் சொன்னதில்லை. நான் தொடுவேன் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. எதை எங்கே செருக வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தது. கப்பல் ரேடியோ அறையில் கழித்துப்போட்ட ஹெட்போன் ஒன்று கடையில் கிடந்தது. அதை மாட்டிக்கொண்டு, பெட்டியின் குமிழை அவர் வைக்கும் அளவில் வைத்துப் பேசிப் பார்த்தேன். இரைச்சல். டேப்பின் குமிழைக் குறைத்தால் இரைச்சலும் குறைந்தது, கூடவே என் குரலும் குறைந்தது. பெட்டியின் குமிழைக் கூட்டினேன். குரல் மட்டும் ஏறி வந்தது. இரைச்சல் பெட்டியிலிருந்து வரவில்லை, டேப்பின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. டேப்பின் குமிழைக் கூட்டக் கூட்ட அதையும் சேர்த்து வெளியே இழுக்கிறோம் என்று புரிந்தது. பெட்டி எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுக்கு டேப்பைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் பெட்டியை ஒரு அளவுக்குமேல் கூட்டினால், நான் குரலை உயர்த்தும்போது அந்தக் கிழிந்த தகரச் சத்தம் வந்துவிடுகிறது. ஆக, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம். இரண்டு மூன்று மத்தியானங்களில் அந்த இடம் எனக்குப் பிடிபட்டது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காது கேட்டால் போதும்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டமாக இருந்தது. நான் நீட்டி முழக்கிப் பேசத் தெரியாதவள். ஒரு கேசட்டில் முதலில் அவர் வைக்கும் முறையிலும், அடுத்து நான் கண்டுபிடித்த முறையிலும் அதே பஸ் நிறுத்தங்களைப் பேசிப் பதிந்தேன். அவர் சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

"ரெண்டு தடவ பேசிப் புடிச்சிருக்கேன். என்ன வித்தியாசம்னு சொல்லுங்க."

"நீ புடிச்சியா? டேப்பத் தொட்டியா?"

"தொட்டேன்."

கோபப்படுவாரோ என்று பார்த்தேன். அவருக்கு ஆச்சரியம்தான். தலையைச் சாய்த்துக்கொண்டு இரண்டையும் முழுதாகக் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான். ஊசி எங்கன நின்னுச்சு?"

"நீங்க சொல்லுத இடத்துலதான். ரெண்டு தடவையும்."

"பெறவு என்ன?"

"மொதல்ல உள்ளதுல இரைச்சல் இருக்கு. டீச்சர் சொன்ன அதே இரைச்சல்."

"எனக்குக் கேக்கலியே."

"நம்ம பம்ப் அடுப்பு சத்தம் போடுத மாதிரி இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "அடுப்பு எங்க சத்தம் போடுது?" என்றார்.

அந்த நேரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான்கு எட்டுக்கு அந்தப் பக்கம், இரவுச் சாப்பாட்டுக்கு உலை வைத்திருந்தேன். மண்ணெண்ணெய் பம்ப் அடுப்பின் சத்தம் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அடுப்படியில் இருப்பவர்கள் அதற்குமேல் கத்தித்தான் பேச வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது நீலத் தீ மட்டும்தான்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குனிந்தார். காதைக் கொண்டுபோனார். இன்னும் குனிந்தார். முடி கருகிவிடும் போல இருந்தது; தோளைப் பிடித்து இழுத்தேன்.

"பொகு பொகுன்னு ஏதோ இருக்கு," என்றார். "அதுவா?"

"அது இல்ல. அதுக்கு மேல."

"அதுக்கு மேல ஒண்ணுமில்ல."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கடற்கரைப் பக்கம் போயிருப்பார். திரும்பி வந்து சாப்பிட்டார். மறுநாள் டேப்பையும் பெட்டியையும் ஒரு துண்டில் சுற்றி மேல் தட்டில் வைத்துவிட்டார். கப்பல் சமையல்காரரிடம் இதை யாராவது வாங்குவார்களா என்று கேட்டதாக அவர் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன். ஹாரன் வேலைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தார். அந்த நாட்களில் என்மேல் ஒரு கோபம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் வருத்தம் அவருக்கு. டீச்சரின் கேசட் அப்படியே மேசையில் கிடந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவராகவே, "பாளையங்கோட்டைல காது டாக்டர் ஒருத்தர் இருக்காராம். போயிட்டு வருவமா?" என்றார்.

டாக்டர் வயதில் இளையவர். தட்டினால் ரீங்கரிக்கும் இரும்புக் கவைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதருகே பிடித்தார். பெரிய கவைகள் எல்லாம் கேட்டன. சிறிதாக ஆக ஆக, "கேக்குதா?" என்று டாக்டர் கேட்பதும், "தட்டுங்க, கேப்போம்," என்று இவர் சொல்வதுமாக ஆயிற்று. தட்டியாகிவிட்டது என்று எனக்குத்தான் தெரிந்தது. ஹாரனுக்கு முன்னால் எத்தனை வருஷம் நின்றீர்கள் என்று டாக்டர் கேட்டார். இவர் கணக்குச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே என்றார்.

"போனது இனி வராது. மருந்து கிடையாது. இருக்கிறதக் காப்பாத்திக்கோங்க. ஹாரன் பக்கத்துல நிக்காதீங்க."

"எனக்கு வேற எதெல்லாம் கேக்கல டாக்டர்?"

டாக்டர் என்னைக் காட்டினார். "கேக்காதது எதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்ல உள்ளவங்கதான் சொல்லணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. வழியில் புதுக்கோட்டை என்ற சிற்றூரில் கூட்டம் இறங்கிய பிறகு அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"சொல்லு. எதெல்லாம் சத்தம் போடுது?"

பதில் சொல்ல அவ்வளவு சுலபமாக இல்லை. கேட்டுக்கொண்டே இருப்பதை யாரும் வரிசைப்படுத்தி வைத்திருப்பதில்லை. அடுப்பைச் சொன்னேன். சாயங்காலம் வேப்பமரத்தில் பூச்சி கத்துவதைச் சொன்னேன். அதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், இந்த ஊரில் அது கிடையாது என்று நினைத்தேன் என்றார். தாளிக்கும்போது கடுகுக்குப் பின்னால் வரும் சீறல், தண்ணீர்க் குழாய், குருவி என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"பெறவு என் வளையல்," என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். எங்கள் கல்யாணத்திலிருந்தே நான் கண்ணாடி வளையல்தான் போட்டிருந்தேன். கையைத் தூக்கி அசைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஊருக்குள் பஸ் நுழைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர்ட்ட சொல்லணும்லா. அந்த அம்மாவக் கொற சொல்லிட்டேன்."

"சொல்லுங்க."

"இன்னொரு தடவ புடிச்சுக் கொடுப்போம். நீ வாரியா?"

வேம்பார் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினோம். மறுநாளே அதே கண்டக்டர், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வரச் சொன்னார்கள் என்று கடையில் வந்து சொல்லிவிட்டுப் போனார். துண்டை அவிழ்த்து டேப்பை வெளியே எடுத்தேன். பஸ்ஸில் பெட்டி என் மடியில், டேப் அவர் மடியில். வழியெல்லாம் உப்பளம். என்னைக் கூட்டிக்கொண்டு போவதை அண்ணன்மார் வீட்டில் யாரும் ரசிக்கவில்லை. 'ரிக்கார்டிங்குக்குப் பொம்பள எதுக்கு?' என்று அவர்கள் கேட்டதற்கு இவர், 'எனக்குச் சரியாக் காது கேக்காதுல்லா,' என்று பதில் சொன்னாராம். அப்படி வெளிப்படையாகச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை.

டீச்சரிடமும் அப்படியே சொன்னார். "தப்பு எம்மேலதான் டீச்சர். இரைச்சல் எனக்குக் கேக்காது. இவளுக்குக் கேக்கும்."

டீச்சர், "அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி, அக்கா பால் அடுப்புக்கு ஓடுனதுலயே," என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

கோயிலுக்குள் பெஞ்சுகளை ஒதுக்கி இடம் செய்துகொடுத்தார்கள். பங்குச் சாமியார் எட்டிப் பார்த்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என்னை யார் என்று கேட்டார். "அவங்கதான் சாமி, டேப்புக்காரங்க," என்றார் டீச்சர். இவர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையைப் பெட்டியின் குமிழிலும் ஒரு கையை டேப்பின் குமிழிலும் வைத்துக்கொண்டார். நான் என் கையை உயர்த்தினால் கூட்ட வேண்டும், தாழ்த்தினால் குறைக்க வேண்டும். வலது கை பெட்டிக்கு, இடது கை டேப்புக்கு என்று பஸ்ஸிலேயே பேசிவைத்திருந்தோம்.

முதலில் பாட்டின் மிகச் சத்தமான இடத்தைப் பாடச் சொன்னோம். அது அவர் யோசனைதான். இருப்பதிலேயே பெரிய சத்தத்தை வைத்துத்தான் பெட்டியை நிறுத்த வேண்டும், சிறிய சத்தத்தில் தொடங்கினால் பிறகு உடையும் என்றார். அவர்கள் பாடினார்கள். தகரம் கிழிந்தது. வலது கையைத் தாழ்த்தினேன். இன்னும் தாழ்த்தினேன். கிழிசல் நின்றது. அதற்கும் கீழே ஒரு மயிரிழை குறைத்துக்கொண்டார். திருநாள் உற்சாகத்தில் பாடுகிறவர்கள் ஒத்திகையைவிடக் கூட்டித்தான் பாடுவார்கள் என்பது மைக்செட் தொழிலில் அவருக்குத் தெரியும். பிறகு இடது கையை உயர்த்தினேன். அவர் ஊசியைப் பார்த்துக்கொண்டே டேப்பை ஏற்றிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்.

அடுத்து அந்தப் பெண்ணை மட்டும் பாடச் சொன்னோம். பாவாடை தாவணியில் ஒரு பெண், டீச்சரின் உறவு. எங்களைப் பார்த்துப் பயந்துபோய் முன்னைவிட மெதுவாகப் பாடினாள். இரைச்சல் கொஞ்சம் இருந்தது. நான் கையை எந்தப் பக்கம் அசைப்பது என்று தெரியாமல் விழித்தேன். பெட்டியைக் கூட்டினால் பின்னால் வருகிறவர்கள் உடைவார்கள். டேப்பைக் கூட்டினால் மழை.

"என்னளா?" என்றார்.

"ரெண்டுலயும் தொட முடியாது."

அவர் எழுந்துபோய் மைக்கைத் தூக்கி அந்தப் பெண்ணின் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். மற்றவர்களை இரண்டு பெஞ்சு பின்னால் தள்ளி நிறுத்தினார். "இவ்வளவுதான? குமிழத் திருகுததுக்குப் பதிலா ஆளத் திருகுவோம்," என்றார். பாடகர் கூட்டம் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள், பயம் போயிற்று.

முதல் தடவை பாதியில் காக்கை கத்தியது. இரண்டாவது தடவை கரையில் மீன் ஏலம் கூவும் சத்தம் உள்ளே வந்தது, ஜன்னல்களைச் சாத்தினோம். மூன்றாவது தடவை நன்றாக வந்துகொண்டிருந்தபோது, இவர் என்னைப் பார்த்து, "கேக்குதா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். தன் குரல் எவ்வளவு சத்தம் என்பதும் அவருக்குச் சரியாகத் தெரியாமல் போயிருந்தது. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாலாவது பதிவுதான் சரியாக அமைந்தது.

ஹெட்போனை வாங்கித் தானும் ஒருமுறை கேட்டார். கேட்டு முடித்ததும் டீச்சர் ஆவலோடு பார்த்தார். இவர் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "நல்லா வந்திருக்கு," என்றார்.

போட்டியில் அவர்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. வேறு ஊர்ப் பாடகர் குழு ஜெயித்தது. டீச்சர் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. கேசட்டைப் பிரதி எடுத்துப் பாடியவர்கள் வீட்டுக்கெல்லாம் கொடுத்தார். அதைக் கேட்டுவிட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வந்தார்கள். கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் மாணவர்களின் நாடகத்தைப் பதிய வந்தார். மூன்று நான்கு வருஷம் நாங்கள் இருவருமாகப் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு மகள் பிறந்த பிறகு அவளையும் தூக்கிக்கொண்டு போனோம். ஒரு பதிவில் அவள் அழுவதும் இருக்கிறது. சில இடங்களில் என்னைப் பார்த்து, 'அண்ணாச்சி வரலியா?' என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் அவர் நிற்பதைப் பார்த்து, 'அப்பம் இவங்க எதுக்கு?' என்பார்கள். அவரே விளக்கிச் சொல்லிவிடுவார். எனக்கு அந்த வேலை வைக்கவில்லை.

ஹாரனுக்கு முன்னால் நிற்பதை அவர் விட்டுவிட்டார். கூலிக்கு வந்தவர்களையும் நிற்க விடுவதில்லை. அவர்கள் கேட்பதில்லை, அவர் கத்துவார்.

அடுப்புக்குப் பக்கத்தில் அவர் அன்று உட்கார்ந்திருந்தது பற்றி நாங்கள் மறுபடி பேசியதே இல்லை. ஆனால் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்று சொல்வேன். அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். பேச்சுக் குறைந்துவிட்டது என்றும் சொல்லலாம். எழுந்து போய்ச் சொல்லும் அளவுக்கு முக்கியமில்லாததை எல்லாம் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

பிறகு தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் டேப்புகள் கடைகளுக்கு வந்தன. கல்யாண வீட்டிலேயே ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டு பதிய ஆரம்பித்துவிட்டார். பழுது என்று ஒன்று கடைக்கு வந்தபோது இவர் திறந்து பார்த்தார். குமிழும் இல்லை, ஊசியும் இல்லை. ஒரு பொத்தான்தான். பேசி, பேச்சை நிறுத்தினால் இரைச்சல் மெல்ல மேலே ஏறி வந்தது. "இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது என்றேன். "இதையும் வாங்குதானுவ பாரு," என்று சொல்லிவிட்டு மூடினார். அவருக்கு வருத்தமா நிம்மதியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வருஷம் கப்பலில் வந்த டேப்பைப் பேராசிரியருக்கே விற்றோம். பெட்டியும் வேண்டும் என்று பேராசிரியர் கேட்கவில்லை, அது வீட்டிலேயே தங்கிவிட்டது. பிறகு நாற்காலியும் சாமியானாவும் வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்தோம். அண்ணன்மார், இப்போதாவது ஒழுங்கான தொழிலுக்கு வந்தானே என்றார்கள். நாற்காலிகளை அடுக்குவதும் எண்ணுவதும் என் பொறுப்பாயிற்று.